டிஷ்வாஷரில் ஈ15: அடித்தட்டில் தேங்கிய தண்ணீர் எங்கிருந்து வந்தது?

மாடிவீடு, கிருஷ்ணகிரி
13 செட் பிடிக்கிற, தனியா நிக்கிற டிஷ்வாஷர். வயசு நாலு. நேத்து ராத்திரி பாதியில நின்னுபோச்சு. திரையில ஈ15, பக்கத்துல குழாய்ப் படம் மினுக்குது. பட்டனை அமுக்கி ஆஃப் பண்ணினாலும் அடியில மோட்டார் ஓடிக்கிட்டே இருக்கு. உள்ள தண்ணி இல்ல, தரையிலயும் ஈரம் இல்ல.
தண்ணி: கீழ்த்தொட்டியில ஒகேனக்கல் தண்ணியும் போர் தண்ணியும் கலந்து மேல ஏறுது. மெஷின்ல போடுற சோப்பு மாத்திரை தீர்ந்துபோனதால ரெண்டு நாளா பாத்திரம் தேய்க்கிற லிக்விட் கொஞ்சம் ஊத்தி ஓட்டினோம். உப்பு போடுற இடம் காலி, எப்ப தீர்ந்ததுன்னு தெரியல. ஆள் ஓசூர்ல இருந்து வரணும், நாலு நாள் ஆகும்னு சொல்றாங்க. அதுக்குள்ள நாமே பார்க்கலாமா?

ரசமட்டம், தருமபுரி
பார்க்கலாம் சார். முதலில் குழாயை மூடுங்கள். அடுத்து பிளக்கையே பிடுங்குங்கள். பட்டன் போதாது. உங்கள் வகை மெஷினில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் ஒரு தட்டு இருக்கிறது. அதில் வெள்ளைத் தெர்மகோல் மிதவை ஒன்று, அதன் மேல் ஒரு சிறு சுவிட்ச். தட்டில் தண்ணீர் சேர்ந்து மிதவை எழும்பினால், வீடு நனையக் கூடாது என்பதற்காக மெஷின் உள்வரும் தண்ணீரை நிறுத்திவிட்டு வெளியேற்றும் பம்பை விடாமல் ஓட்டும். நீங்கள் கேட்கும் சத்தம் அதுதான். பம்ப் கெட்டுவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.
அந்தப் பம்ப் தொட்டிக்குள் இருக்கும் தண்ணீரை மட்டுமே இழுக்கும். தட்டில் உள்ளதை இழுக்க அதற்கு வழி கிடையாது. எத்தனை மணி நேரம் ஓடவிட்டாலும் ஈ15 போகாததற்குக் காரணம் இதுதான்.

கேழ்வரகு, பென்னாகரம்
மெஷினைப் பின்பக்கமா 45 டிகிரி சாய்ச்சா தண்ணி ஊத்திடும், குறி போயிடும்னு வீடியோல காட்டுறாங்களே. அஞ்சு நிமிஷ வேலைன்னு சொல்றாங்க.

ஸ்பானர்12, ஓசூர்
சாய்க்காதீங்க. மூணு காரணம். ஒண்ணு, எடை 45, 50 கிலோ, தனி ஆள் சாய்ச்சா நழுவும். ரெண்டு, பல மாடல்ல மின்பலகையும் வயர் முனைகளும் அடிப்பக்கத்துலயே இருக்கு, சாய்க்கும்போது தண்ணி அதுமேல ஓடும். மூணாவதுதான் முக்கியம்: தண்ணி எங்க தேங்கினது, எவ்வளவு, என்ன நிறம் என்கிற தடயம் மொத்தமும் தரையோட போயிடும். குறி மறையும், கசிவு அப்படியே இருக்கும். ரெண்டு கழுவல்ல திரும்ப ஈ15 வரும்.

சாய்க்காம எடுக்குற முறை:
பிளக் பிடுங்கி 10 நிமிஷம் விடுங்க, உள்ள சூடு இருக்கும். கைக்கு உறை போட்டுக்குங்க, தகரத்தோட ஓரம் பிளேடு மாதிரி இருக்கும். முன்பக்கம் கதவுக்குக் கீழ இருக்கிற பலகையைக் கழட்டுங்க. நட்சத்திரத் தலை ஸ்க்ரூ, பெரும்பாலும் டி20. உள்ள டார்ச் அடிச்சா தட்டும் மிதவையும் தெரியும். சமையலறை ஸ்பாஞ்சை நனைச்சு நனைச்சு ஒரு மக்குல பிழியுங்க. கடைசி ஈரத்தைப் பழைய பருத்தித் துணியால ஒத்தி எடுங்க. மிதவையை இழுக்கக் கூடாது, குச்சியால மெதுவாத் தூக்கி விட்டா 'டிக்'னு சத்தம் கேக்கணும். கேக்கலன்னா சுவிட்ச்சே ஒட்டிக்கிட்டு இருக்கலாம். தட்டு சுத்தமா காஞ்சிருந்தும் குறி போகாம நிக்கறது அப்பதான்.
மக்குல பிழிஞ்ச தண்ணியைக் கொட்டிடாதீங்க. அளந்து எழுதுங்க.

ரசமட்டம், தருமபுரி
அந்தத் தண்ணீரே பாதி விடையைச் சொல்லிவிடும். மூன்று வகை வரலாம்.
குழாய்த் தண்ணீர் போலவே தெளிவாக இருந்தால் உள்வரும் பக்கம்: குழாய் இணைப்பு, உள்ளே வரும் ரப்பர் ட்யூப், பக்கவாட்டில் தொட்டியை ஒட்டி நிற்கும் பிளாஸ்டிக் நீர்ப்பெட்டி.
சோப்புத் தண்ணீராக இருந்தால் கழுவும் பக்கம்: கதவு ரப்பர், அடியில் உள்ள குழிவு, சுழற்சி பம்ப், அவற்றை இணைக்கும் ட்யூப்கள்.
உப்பு நீராக இருந்தால் உப்புத் தொட்டியும் அதைச் சேர்ந்த மென்னீராக்கியும் (தண்ணீரின் கடினத்தன்மையை எடுக்கும் பகுதி).

சோப்பா உப்பா என்று கண்ணால் சொல்வது கடினம். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் இரண்டுக்கும் எண்ணை ஏற்றிக் காட்டும். அதனால் மஞ்சள் தூளை எடுங்கள். ஆரத்திக்கு ஆலம் கரைக்கும்போது மஞ்சளில் சுண்ணாம்பு விழுந்ததும் சிவக்கிறதே, அதே வேதியியல்தான் இங்கேயும். டிஷ்வாஷர் சோப்பு சுண்ணாம்பு போலவே காரம் (அல்கலி) நிறைந்தது, மஞ்சளைச் சிவக்க வைக்கும். உப்புத் தண்ணீர் சிவக்க வைக்காது. இரண்டு டம்ளர் வையுங்கள். ஒன்றில் குழாய்த் தண்ணீர், ஒன்றில் தட்டுத் தண்ணீர், இரண்டிலும் ஒரே அளவு சிட்டிகை மஞ்சள். நம் பக்கத்துப் போர் தண்ணீரிலேயே லேசான காரம் இருக்கலாம், அதனால் குழாய்த் தண்ணீரை வைத்து ஒப்பிடாமல் முடிவு சொல்ல வேண்டாம். ஒன்றை மனதில் வையுங்கள்: கையால் தேய்க்கும் லிக்விடில் காரம் அவ்வளவு இருக்காது. உங்கள் மெஷினில் மாத்திரையின் மிச்சம் இருந்தால்தான் நன்றாகச் சிவக்கும்.

மாடிவீடு, கிருஷ்ணகிரி
பிழிஞ்சு எடுத்தாச்சு. மொத்தம் 650 மில்லி. லேசா வெண்மை, ஆட்டினா நுரை நிக்குது. டிடிஎஸ் குழாயில 1,150, தட்டுத் தண்ணியில 2,300. மஞ்சள் போட்டதும் தட்டுத் தண்ணி செங்கல் நிறத்துக்கு வந்துடுச்சு, குழாய்த் தண்ணி மஞ்சளாவே இருக்கு. கடைசியா ஓட்டினப்ப அரை மாத்திரையும் லிக்விடும் சேர்த்துப் போட்டிருக்காங்க.

உப்புத்தண்ணி, பாலக்கோடு
அப்ப விஷயம் முடிஞ்சுதுங்க. லிக்விட் நுரைதான். கையால தேய்க்கிற சோப்பு நுரைக்கிறதுக்குன்னே செஞ்சது. உள்ள ஜெட் அடிக்கிற வேகத்துல தொட்டி பூரா நுரை ஏறி, கதவோட அடிவிளிம்பு வழியா இறங்கி தட்டுல விழுந்திருக்கு. லிக்விடை நிறுத்திட்டா சரியாயிடும், வேற எதையும் நோண்ட வேண்டாம்.

ஸ்பானர்12, ஓசூர்
நுரை ஒரு காரணம்தான், ஒத்துக்கறேன். அதோட முடிச்சிடக் கூடாது. நல்ல கதவு ரப்பர் இருந்தா ரெண்டு நாள் லிக்விடுக்கு 650 மில்லி இறங்காது. நாலு வருஷம், உப்பு காலி, டிடிஎஸ் 1,150. இந்த மூணையும் சேர்த்துப் பாருங்க. கதவோட மேலயும் ரெண்டு பக்கமும் வர்ற ரப்பரைத்தான் எல்லாரும் துடைப்பாங்க. கதவின் அடிவிளிம்புல தனியா ஒரு பட்டை ரப்பர் இருக்கு, கதவைத் திறந்தா அது மடிஞ்சு கீழ போயிடும், கண்ணுல படாது. சுண்ணாம்பு முதல்ல படியற இடம் அதுதான். படிஞ்ச இடத்துல ரப்பர் விறைச்சு, உதடு தொட்டியோட ஒட்டாம நிக்கும்.
ஊகம் வேண்டாம், சோதிச்சுப் பார்த்துடலாம்.

முதல்ல நுரையைக் கொல்லணும். தொட்டிக்குள்ள ஒரு ஸ்பூன் சமையல் எண்ணெய் விடுங்க, ஒரு லிட்டர் பச்சைத் தண்ணி ஊத்துங்க, தண்ணி வெளியேத்துற செயலை ரெண்டு மூணு தடவை ஓட்டுங்க. நுரை போனதும் வெறும் தண்ணியில குறுகிய கழுவல் ஒண்ணு. சோப்பு எதுவும் கூடாது.
ஓட்டுறதுக்கு முன்னாடி காஞ்ச தட்டுல டிஷ்யூ துண்டு நாலு வையுங்க: முன் இடது மூலை, முன் வலது மூலை, நடுவுல பம்புக்குக் கீழ, தண்ணி உள்ள வர்ற பக்கம். பென்சில்ல எண் போடுங்க. மிதவையைத் தொடக் கூடாது. பலகை திறந்திருக்கும்போது மின்சாரம் ஓடுதுன்னு மறக்காதீங்க. கை உள்ள போகக் கூடாது, டார்ச் வெளிச்சம் மட்டும். அந்த பிளக் பாயிண்ட் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தா இணைப்பைத் துண்டிக்கிற சுவிட்ச்) உள்ள சுற்றுல இல்லன்னா இந்தச் சோதனையைச் செய்யாதீங்க, ஆள் வரட்டும்.

ரசமட்டம், தருமபுரி
ஓட்டும் முன் ரசமட்டத்தைக் கதவின் மேல் விளிம்பில் அல்ல, கதவைத் திறந்து தொட்டியின் உள்விளிம்பில் வைத்துப் பாருங்கள். முன்பக்கம் சாய்ந்திருந்தால் கழுவும் தண்ணீர் எல்லாம் கதவை நோக்கி வரும். மாடி சர்வீஸ் ஏரியா தரையை வாட்டத்துக்காகச் சரித்துப் போட்டிருப்பார்கள், மெஷினை வைப்பவர்கள் அதைக் கவனிப்பதில்லை. முன்கால்களைத் திருகி உயர்த்தலாம், பின்காலுக்குப் பல மாடல்களில் முன்பக்கத்திலேயே திருகு உண்டு. மட்டமாக இருக்கட்டும், அல்லது ஒரு மயிரிழை பின்பக்கம் சாயட்டும்.
இன்னொன்று, பாத்திரம் அடுக்கும் கீழ்க்கூடையில் தாம்பாளம், இட்லித் தட்டு போன்றவற்றைக் கதவுப் பக்கமாக நிறுத்தாதீர்கள். கீழே தண்ணீர் அடிக்கும் சுழல்கையின் ஜெட் அதில் பட்டுத் திரும்பி நேராக அடிரப்பரில் மோதும். ரப்பர் நன்றாக இருந்தும் கசியும்.

கேழ்வரகு, பென்னாகரம்
களி கிண்டின சட்டியும் நுரைக்குமாங்க? எங்க பக்கம் தினம் களிதான்.

ஸ்பானர்12, ஓசூர்
மாவும் புரதமும் நுரைக்கும். முட்டை, பால், தயிர் ஒட்டின பாத்திரமும் அப்படியே. ஆனா களியோட பெரிய தொந்தரவு வடிகட்டிதான். ஒட்டின களி சுடுதண்ணியில பசையா இளகி, வடிகட்டி வலையில படர்ந்து, ஆறினதும் இறுகிடும். அதுல கடுகும் கறிவேப்பிலைக் காம்பும் சிக்கினா தண்ணி சுத்தாது. களிச் சட்டியைப் பச்சைத் தண்ணியில அரைமணி ஊற வைங்க, கரண்டியால வழிச்சு எடுங்க, அப்புறம் வைங்க. ரெண்டு நாளைக்கு ஒரு தடவை வடிகட்டியைக் கழட்டிப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால தேய்ங்க. சுழல்கை ஓட்டைல கடுகு உட்கார்ந்தா ஊசியால எடுத்துடலாம். மண்சட்டி, கல்சட்டி, இரும்பு தோசைக்கல் மூணும் மெஷினுக்குள்ள போகவே கூடாது.

மாடிவீடு, கிருஷ்ணகிரி
ரசமட்டம் வச்சதுல முன்பக்கம் நல்லாவே இறக்கம், குமிழி பின்னாடி ஓடிடுச்சு. அதை மட்டும் சரி பண்ணாம அப்படியே ஓட்டிப் பார்த்தேன். வெறும் தண்ணி, நுரையே இல்ல. 1ஆம் எண், அதாவது முன் இடது மூலை டிஷ்யூ நனைஞ்சிருக்கு. மத்த மூணும் காஞ்சிருக்கு. அடிவிளிம்பு ரப்பரை விரலால தடவினா மணல் மாதிரி நெறநெறன்னு இருக்கு.

உப்புத்தண்ணி, பாலக்கோடு
சரிங்க, நுரை இல்லாமலே கசிஞ்சதால நான் சொன்னது பத்தாது. நுரை அதைப் பெருசாக்கியிருக்கு, அவ்வளவுதான். ரப்பருக்கு எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) போடுங்க. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணிக்கு ரெண்டு ஸ்பூன். துணியை நனைச்சு அடிவிளிம்பு ரப்பர் மேல 15 நிமிஷம் போட்டு விடுங்க, அப்புறம் பிரஷ்ஷால தேய்ங்க. கத்தி, ஸ்டீல் நார் வச்சுச் சுரண்டினா உதடு கிழியும். ரெண்டு மூணு தடவை செய்யணும். தேய்ச்சதும் ரப்பரை வளைச்சுப் பாருங்க, திரும்பித் தானா நிமிர்ந்தா பிழைச்சுக்கும். வளைச்ச இடத்துல வெடிப்பு தெரிஞ்சா மாத்தித்தான் ஆகணும்.
உள்பக்கத்துக்கும் எலுமிச்சை உப்பு 100 கிராம், காலி மெஷின்ல. 70 டிகிரியில ஓட்டினா நல்லாக் கரையும்னு நினைக்கிறாங்க, அது தப்பு. நம்ம தண்ணியில சுண்ணாம்பு அவ்வளவு இருக்கறதால அதிக சூட்டுல அது சிட்ரேட்டா வெள்ளைப் பொடியாத் திரும்பப் படியும். 45 டிகிரி குறுங்கழுவல் போதும். முன்கழுவல் இருக்கிற செயலா இருந்தா தொட்டியில கொட்டின பொடி முதல் தண்ணியோட வெளிய போயிடும், அதனால முன்கழுவல் இல்லாததாத் தேர்ந்தெடுங்க. சோப்பு சேர்க்காதீங்க, காரமும் புளிப்பும் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கும். பிளீச்சிங் பவுடர் கிட்டவே வரக்கூடாது, புளிப்போட சேர்ந்தா நச்சு வாயு கிளம்பும். ஸ்டீல் தொட்டியையும் அரிக்கும்.

ரசமட்டம், தருமபுரி
சுண்ணாம்பை எடுத்துவிட்டு உப்புத் தொட்டியைக் காலியாகவே விட்டால் மறுபடியும் படியும். இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். டிடிஎஸ் வேறு, கடினத்தன்மை வேறு. மீட்டர் காட்டுவது கரைந்திருக்கும் எல்லா உப்பும் சேர்ந்த கணக்கு. ரப்பரில் படிவது கால்சியமும் மெக்னீசியமும் மட்டுமே. அதற்குச் சொட்டு எண்ணும் கடினத்தன்மை கிட் வாங்குங்கள், அல்லது குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்துப் பாருங்கள். குடிநீருக்கான இந்தியத் தரம் (ஐஎஸ் 10500), கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை என்கிறது. அது குடிப்பதற்கான எல்லை. மெஷினுக்கு 200-ஏ கடினமான தண்ணீர்தான்.

கிட்டில் வரும் எண்ணை 17.8-ஆல் வகுத்தால் ஜெர்மன் டிகிரி (கடினத்தன்மையின் அளவு, சூடு அல்ல). மெஷின் கையேட்டில் அட்டவணை அந்தக் கணக்கில்தான் இருக்கும். உங்கள் வகையில் மென்னீராக்கிக்கு 0 முதல் 7 வரை நிலை: 17 முதல் 21 டிகிரி என்றால் 5, 22 முதல் 30 என்றால் 6, 31 முதல் 50 என்றால் 7. உங்கள் கையேட்டோடு ஒருமுறை சரிபாருங்கள்.
ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-ல் வந்த பிறகு பல வீடுகளில் இரண்டு தண்ணீரும் ஒரே கீழ்த்தொட்டியில் கலக்கிறது. காவிரித் தண்ணீர் வரும் வாரம் ஒரு எண், வராத வாரம் வேறு எண். நிலையைப் போர் தண்ணீருக்கே வையுங்கள். உப்பு கொஞ்சம் கூடச் செலவாகும், பரவாயில்லை.

மாடிவீடு, கிருஷ்ணகிரி
கிட் வாங்கிப் பார்த்தேன். கலந்த தண்ணி 480, போர் மட்டும் 640. அப்ப 27 டிகிரியும் 36 டிகிரியும். நிலை 4-ல இருந்திருக்கு, இப்ப 7-க்கு மாத்திட்டேன். ஒரு சந்தேகம்: "உப்பு தேவையில்லை, எல்லாம் உள்ளேயே இருக்கு"ன்னு மாத்திரை டப்பாவுல போட்டிருக்கே? கல் உப்பு போட்டா ஆகாதா?

ரசமட்டம், தருமபுரி
அந்த வகை மாத்திரைகளை 21 டிகிரி வரைக்கும்தான் உப்பில்லாமல் நம்பலாம் என்று கையேடுகளே சொல்கின்றன. 36-க்கு அது எட்டாது.
கல் உப்பு வேண்டாம். கடல் உப்பில் கால்சியம், மெக்னீசியம், மண் மூன்றும் உண்டு. எதை எடுக்க உப்புப் போடுகிறோமோ அதையே உள்ளே கொட்டுவது போல ஆகும். அயோடின் தூள் உப்பில் கட்டிபடாமல் இருக்கச் சேர்க்கும் பொருள் மென்னீராக்கியின் மணிகளை அடைக்கும். டிஷ்வாஷர் உப்பு என்று விற்கும் பெருமணி உப்பு மட்டும். தொட்டியில் ஒன்று முதல் ஒன்றரை கிலோ பிடிக்கும். முதன்முறை மட்டும்தான் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்ற வேண்டும், உங்களுடையதில் ஏற்கெனவே தண்ணீர் இருக்கும். உப்பை நிரப்பியதும் வாயைச் சுற்றிச் சிந்தியதைத் துடைத்து, மூடியை நேராக வைத்து இறுக்கி, உடனே ஒரு கழுவல் ஓட்டுங்கள். சிந்திய உப்பு ஓரிரவு கிடந்தால் ஸ்டீல் தொட்டியில் துரு முளைக்கும்.

மாந்தோப்பு, காவேரிப்பட்டினம்
இடையில் கேட்கிறேன், மன்னிக்கவும். எங்களுடையது வேறு கம்பெனி, ஈ15 இல்லை, தண்ணீர் உள்ளே வரவில்லை என்ற குறி. ஆனால் தண்ணீர் வரும் சத்தம் கேட்கிறது. ஒற்றை மாடி, தொட்டி மொட்டை மாடியில். வெளியேறும் குழாய் தரை ஓட்டையில் படுத்திருக்கிறது.

ஸ்பானர்12, ஓசூர்
குறி கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எல்ஜியில ஐஈ உள்வரும் தண்ணி, ஓஈ வெளியேறும் தண்ணி. சாம்சங்கில 4சி, 5சி. எண்ணைப் பார்த்து வேற மெஷினோட வைத்தியத்தைச் செய்யாதீங்க.
உங்களுக்கு நான் முதல்ல சந்தேகப்படறது வெளியேறும் குழாயை. தரையில படுத்திருந்தா, தண்ணி நிரம்ப நிரம்பத் தானா உறிஞ்சிப் போய்க்கிட்டே இருக்கும். மெஷினுக்கு உள்ள தண்ணி சேரவே சேராது. குழாயைத் தரையில இருந்து 40 செ.மீ.க்கு மேல ஒரு வளைவாத் தூக்கிக் கட்டிட்டு அப்புறம் ஓட்டைக்கு இறக்குங்க, ஒரு மீட்டருக்கு மேல போகக் கூடாது.
அதுலயும் தீரலன்னா அழுத்தம். 10 மீட்டர் உயரத்துக்கு ஒரு பார். மொட்டை மாடித் தொட்டியில இருந்து மூணு மீட்டர்னா 0.3 தான். பல மாடல்கள் குறைஞ்சது 0.5 கேக்கும். குழாயை முழுசாத் திறந்து பக்கெட்ல பிடிங்க, நிமிஷத்துக்கு 10 லிட்டர் வரணும். வராட்டி உள்வரும் குழாய் முனையில இருக்கிற சின்ன வலையைக் கழட்டிக் கழுவிட்டு மறுபடி அளங்க. அப்பவும் வரலன்னா சின்ன பிரஷர் பம்ப்தான் வழி.
இதைச் செய்யும்போது ஒண்ணு: உள்வரும் குழாய் முனையில பெட்டி மாதிரி தடிமனா இருந்தா அதுக்குள்ள மின்வால்வு இருக்கு. நீளம் பத்தலன்னு பிளம்பர் வெட்டி ஒட்டிடக் கூடாது. முக்கால் இஞ்ச் இணைப்புல தட்டையான ரப்பர் வாஷர்தான் தண்ணியைப் பிடிக்கும், மரையில டெஃப்லான் டேப் சுத்தறது உதவாது.

உப்புத்தண்ணி, பாலக்கோடு
ஈ15 கேஸ்ல எலியையும் மறக்காதீங்க. தரைத்தளம்னா அடிவழியா உள்ள போய் மடிப்பு ட்யூபைக் கடிக்கும். டிஷ்யூ பம்புப் பக்கம் நனைஞ்சா டார்ச் அடிச்சுப் பல் தடம் பாருங்க, புழுக்கை கிடக்கும். கடிச்ச ட்யூபுக்கு டேப் சுத்தினா சூட்டுல கழண்டுடும், ட்யூபையே மாத்தணும்.

மாடிவீடு, கிருஷ்ணகிரி
ரப்பருக்கு மூணு தடவை எலுமிச்சை உப்பு, உள்ள 100 கிராம் 45 டிகிரியில, முன்கால் ரெண்டும் உயர்த்தியாச்சு, உப்பு நிரப்பியாச்சு, புது மாத்திரை. மூணு கழுவல் ஆச்சு. 1ஆம் எண் டிஷ்யூ முதல் கழுவல்ல ஓரத்துல மட்டும் லேசா நனைஞ்சது, அடுத்த ரெண்டுலயும் காஞ்சே இருக்கு. ஈ15 வரல. ரப்பரை வளைச்சா இடது ஓரத்துல ஒரு சின்ன வெடிப்பு தெரியுது, ஒரு செ.மீ. இருக்கும்.

ஸ்பானர்12, ஓசூர்
அப்ப ரப்பருக்கு இப்பவே சொல்லி வையுங்க. கதவின் மேல் ஓரத்துல ஒட்டியிருக்கிற தகட்டுல மாடல் எண் இருக்கும், அதைப் போட்டோ எடுத்து அனுப்பி "கதவு அடிவிளிம்பு ரப்பர்"னு தெளிவாக் கேளுங்க. வெறும் கதவு ரப்பர்னு சொன்னா சுத்தி வர்ற பெரிய ரப்பரைக் கொண்டுவருவாங்க. அது வர்ற வரைக்கும் முன்பலகையை ரெண்டு ஸ்க்ரூல மட்டும் லேசா மாட்டி வைங்க. வாரம் ஒரு நாள் பிளக்கைப் பிடுங்கிட்டுத் திறந்து, இடது மூலை டிஷ்யூவைப் பார்த்துட்டுப் புதுசு வையுங்க.